எதிர்ப்புச் சக்திக் கசாயம்

எம்.ரெட்டியபட்டியில் வெயில் ஏறும் முன்பே முற்றத்து அடுப்பில் கசாயம் கொதிக்கிறது. வெந்த வேரிலிருந்து நனைந்த நாயின் வாடை கிளம்பி மரியசெல்வியின் மூக்கில் அடிக்கிறது. அவள் முழங்கையைச் சொறிகிறாள். வெள்ளைச் செதில்கள் பஞ்சுத் தூசிபோல் மடியில் உதிர்ந்து தரையில் விழுகின்றன. நாத்தனார் ரெஜினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவற்றை விளக்குமாற்றால் ஒதுக்குகிறாள். "கொரோனாவுக்கே குடிச்ச கசாயம், செல்வி. எதிர்ப்புச் சக்தி இல்லாமத்தான் ஒனக்குத் தோலு உதிருது."

"இல்லாம இல்ல மதினி, கூடிப்போச்சு. நோயை விரட்டுற அணுக்களை, போதும்னு அடக்கி வைக்க ஒடம்புல ஒரு மரபணு இருக்காம். எனக்கு அது சரியா வேலை செய்யலைன்னு மதுரை டாக்டர் சொன்னாரு. அடக்க ஆளில்லாம அதுக என் தோலையே திங்குதுக. ஒட்டுற நோயில்லைன்னும் சொன்னாரு."

ரெஜினாவின் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால், வேலிக்கென்று விதைத்த சீமைக்கருவை பருத்திக்காட்டையே விழுங்கிப் பச்சையாக நிற்கிறது. ஈ மொய்க்கும் டம்ளரைத் தரையில் வைத்து, செதில் கூட்டிய அதே விளக்குமாற்றின் அடியால் மரியசெல்வி பக்கம் தள்ளுகிறாள். கசாயம் தளும்பி மண்ணில் கறுப்பாக ஊறுகிறது.

மரியசெல்வி டம்ளரை எடுக்கிறாள். விளிம்பில் வாய் வைத்து ஒரு மடக்கு குடிக்கிறாள். பிறகு மிச்சத்தை ரெஜினாவிடம் நீட்டுகிறாள்.

"ஒட்டாதுல்ல. நீங்களும் ஒரு வாய் குடிங்க மதினி."

ரெஜினா விளக்குமாற்றோடு பின்வாங்குகிறாள். அருவருப்பில் கோணிய அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மரியசெல்விக்குத் தொண்டையில் நின்ற கசப்பு இறங்குகிறது.