இங்கே விற்பதில்லை

"வண்டியை விக்கிறதா இல்ல தம்பி. மன்னிச்சுக்குங்க."

கதவைப் பாதி திறந்தபடி ஷாகிரா சொன்னதும் பொன்ராஜுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னக்கா இது? வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாம்னு தோணுது."

"விலை பத்தலைன்னா சொல்லுங்க. கேக்கிறதைத் தாரேன்."

"விலைக்காக இல்ல."

கதவு சாத்திக்கொண்டது.

வீட்டை ஒட்டிய சந்தில், சாக்குப் படுதாவுக்கு அடியில் அந்த வண்டி நின்றது. ஜப்பான் மோட்டார் சைக்கிள். நாலு சிலிண்டர். ஷாகிராவின் கணவர் கப்பலில் இன்ஜினீயராக இருந்தபோது கொண்டு வந்தது.

புல்லட்டுக்கே பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிற காலம் அது. உஸ்மான் ரோட்டுப் பாத்திரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இந்த வண்டியின் படத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் பொன்ராஜ். மூடி மறைக்க ஒரு தகடு கிடையாது. சட்டை போடாத பயில்வான் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதுபோல இன்ஜின் முழுசாகத் தெரியும்.

அது மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் நிற்கிறது என்று தரகர் கபாலி சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் தடவை வந்தபோது ஷாகிரா எதையும் மறைக்கவில்லை.

"அடையாறு பாலத்துல இதுல போய்த்தான் எங்க வீட்டுக்காரர் மவுத்தானார். பிரேக்குக்குள்ள போடுற வாஷர் இங்க கிடைக்கல. யாரோ உள்ளூர் ரப்பரை வெட்டிப் போட்டுக் குடுத்துட்டான். வண்டியே இங்க விக்கிறதில்ல. சாமான் மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?"

"சிங்கப்பூர்ல என் மாமா இருக்காருக்கா. எழுதிப் போட்டா எல்லாச் சாமானும் வந்திரும்" என்றான் பொன்ராஜ்.

சிங்கப்பூரில் அவனுக்கு யாரும் கிடையாது. வண்டி கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது.

ஷாகிரா ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். மிஷின்கூட வாடகைக்கு எடுத்ததுதான். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற ஆசையில் சரி என்று தலையாட்டியிருந்தாள். இப்போது மாறிவிட்டாள்.

தெருமுனையில் கபாலி நின்றிருந்தான்.

"இன்னா சார், கையை விரிச்சிட்டாங்களா? வேற பெரிய பார்ட்டி எவனோ வந்துகீறான். அதான்."

"வாக்குன்னு ஒண்ணு கிடையாதா கபாலி?"

"துட்டு முன்னாடி வாக்காவது ஒண்ணாவது!"

வீட்டுக்கு வந்து மனைவி சுந்தரவல்லியிடம் புலம்பித் தீர்த்தான். நிறைமாதக்காரி. ஒன்றும் சொல்லாமல் சோறு பரிமாறினாள். அவள் எப்போதும் அப்படித்தான். வண்டி வாங்கப் போகிறேன் என்றபோதும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் கபாலி கடைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சார், வண்டிய ஒடைக்கிறாங்க சார்!"

பொன்ராஜ் கல்லாவைப் போட்டது போட்டபடி ஓடினான். சந்துக்குள் நுழையும்போதே சம்மட்டிச் சத்தம் கேட்டது.

பெட்ரோல் டாங்க் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. காயலான் கடைக்காரர் இன்ஜினைப் பிளந்து கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பொன்ராஜுக்குத் தன் எலும்பையே யாரோ முறிப்பதுபோல வலித்தது.

ஷாகிரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் குடுக்க மனசில்ல. உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட மட்டும் மனசு வந்துதாக்கும்? நீங்களும் அனுபவிக்க மாட்டீங்க, அடுத்தவனையும் அனுபவிக்க விடமாட்டீங்க. நீங்கள்லாம் நல்லாயிருப்பீங்களா?" என்று பொன்ராஜ் இரைந்தான்.

சந்தே கூடிவிட்டது. ஏதோ சொல்ல வந்த ஷாகிரா முந்தானையை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"போயிட்டு வாங்க தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

தன் வீட்டுக்குள் நுழையும்போதே பொன்ராஜ் கத்தினான்.

"பொம்பளையா அவ? வயித்தெரிச்சல் பிடிச்சவ! வாக்கு மாறினதும் இல்லாம..."

"அவியள ஏசாதிய."

சுந்தரவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன சொல்லுத?"

"நாந்தான் அங்க போனேன். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் நீங்க கடைக்குப் போனப்புறம் பஸ் ஏறிப் போயி, உங்களுக்கு வித்திராதியன்னு அவிய கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். சிங்கப்பூர்ல நமக்கு ஆளே கிடையாதுன்னும் சொல்லிட்டேன். நான் வந்ததை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் கேட்டுக்கிட்டேன்."

பொன்ராஜ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். சந்தே கூடி நிற்க, தான் கத்தியதெல்லாம் காதில் திரும்பக் கேட்டது. அத்தனைக்கும் அந்த அம்மா சுந்தரவல்லியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு கேட்டான்.

"சரி, எனக்குத்தான் குடுக்க வேண்டாம். வேற யாருக்காவது நல்ல விலைக்கு வித்திருக்கலாமே? எதுக்கு உடைக்கணும்?"

"நானும் அதைத்தான் அவியகிட்ட சொன்னேன். உங்களுக்கு மட்டும் குடுக்காம வேற யாருக்காச்சும் வித்திருங்கன்னேன்."

சுந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'அந்த வேற யாருக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பாளேம்மா. வந்து அழ அவளுக்கு என் வீடு தெரியாதே'ன்னு சொன்னாவ."