ஐந்து சொல் வரவேற்பு

பஸ் நேரம் சொல்லும் புதிய செயலியின் முகப்பில் நாற்பது சொல் வரவேற்புரை ஒன்று இருந்தது. மேடைப் பேச்சாளர்போல "வருக, வருக" என்று தொடங்கி, செயலியை உருவாக்கியவர்களை எல்லாம் வாழ்த்திவிட்டுத்தான் ஓயும். வந்த ஒன்பது பேரும் பாதியிலேயே 'வெளியேறு' பொத்தானை அழுத்திப் போனார்கள். பத்தாவது ஆளும் போய்விட்டால் வரவேற்புரையையே நீக்கிவிடுவார்கள்.

"பஸ்ஸுக்கு ஓடுறவங்களை நிறுத்தி மாலையா போடுறது, அண்ணே? குத்து வாங்குறது நான்!" என்றது பொத்தான்.

வரவேற்புரைக்குச் சுருக்கென்றது. எண்ணி எண்ணி முப்பத்தைந்து சொற்களைக் கழற்றியது. மிஞ்சியது: "ஊர்ப்பெயரைத் தொடுங்கள். பஸ் நேரம் தெரியும்."

பத்தாவதாக வந்த பூக்காரம்மா அதை வாய்விட்டுப் படித்தார், ஊர்ப்பெயரைத் தொட்டார், உள்ளே போனார்.

வரவேற்புரை பொத்தானைப் பார்த்துச் சொன்னது: "நன்றி, தம்பி."

"அட, இரண்டே சொல்லில் முடிச்சிட்டீங்களே, அண்ணே!" என்று சிரித்தது பொத்தான்.