இரண்டாம் ஆண்டு மானியம்

"மண்ணை மறந்தவன் மனுசனே இல்லீங்க மேடம்" என்றார் பனியன் கம்பெனி முதலாளி தங்கராஜ், ஏசியை அணைக்காமல் காரிலிருந்து இறங்கியபடி.

அரசு கொடுத்த தேக்கங்கன்றுகள் பிழைத்திருந்தால்தான் இரண்டாம் ஆண்டு மானியம். வேளாண் உதவி அலுவலர் அனுப்ரியாவுக்குச் சேவூரில் இது இன்று ஏழாவது தோட்டம். களைப்போடு கன்றுகளை எண்ணினாள். அத்தனையும் ஆளுயரத்துக்குத் தளதளவென்று நின்றன.

"எப்படிங்க சார் வளர்த்தீங்க?"

"பெத்த புள்ளையாட்டப் பாத்துக்கிட்டனுங்க. ஒவ்வொண்ணும் என் காலடிச் சத்தம் கேட்டு வளர்ந்ததுங்க." அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ராசாமணியிடம், "ஏம்மா, மேடத்துக்கு ஒரு எளநீ வெட்டு" என்றார்.

ராசாமணி வெட்டிக் கொடுத்தாள். தங்கராஜ் ஒரு மரத்தை அணைத்தபடி படமும் எடுத்துக்கொண்டார். அதுவரை அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள்.

"பேசி முடிச்சாச்சுங்களா சார்? நான் தண்ணி மாத்தோணுமுங்க. இது எங்க தோட்டமுங்க. உங்களுது ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்க."

அனுப்ரியா திரும்பிப் பார்த்தாள். அங்கே வேலியோரம், அரசு கொடுத்த கன்றுகள் பிளாஸ்டிக் பைகூடப் பிரிக்காமல் காய்ந்து கிடந்தன.