மஞ்சள் ஸ்பிரிங்

வாசுகியின் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக் அருளப்பன் இரண்டு ஜோடிகளை மேசைமேல் நிறுத்தி விரலால் சுண்டினான். இரண்டும் வெவ்வேறு குரலில் நெடுநேரம் முனகின.

"நீலம் இறுக்கமானது. மஞ்சள் மெத்துன்னு இருக்கும். ஆனா வளைவுல வண்டி சாயும்."

"நீலம்தான். எனக்கு வண்டி சாயவே கூடாது," என்றாள் வாசுகி.

அவன் குத்தவைத்து உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தான். வலது பக்கம் மூன்று விரல் போனது. இடது பக்கம் ஒன்றுதான் போனது.

"பக்கத்து சீட்ல யாரு வருவாங்க மேடம்?"

"எங்க வீட்டுக்காரர் வருவார். அவர் தவறிப்போய் வருஷக்கணக்காச்சு."

"வண்டி காலியா இருந்தாத்தான் சரியா அளக்க முடியும்," என்றான் அவன், எல்லோரிடமும் சொல்கிற பழக்கத்தில்.

வாசுகி சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். ஒருவர் ஒரு காலை வெளியே ஊன்றி, கதவின் விளிம்பைப் பற்றி, மூச்சு வாங்கிவிட்டு எழுந்து நிற்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றாள்.

இடது மட்கார்டு மெதுவாக மேலே ஏறியது. அருளப்பனின் இரண்டாவது விரல் உள்ளே போனது. பிறகு மூன்றாவதும் போனது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நீல ஸ்பிரிங்கை எடுத்தான்.

"மஞ்சளே போடுங்க," என்றாள் வாசுகி, கதவை விடாமல். "இவருக்கு இடுப்பு வலி. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."