அடுப்பு எரியாத வீடு

சர்க்கரை நோயாளியான கணவர் அரங்கசாமி இறந்து மூன்று நாளாகியும் செண்பகவல்லி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. துக்க வீட்டு வழக்கம் இருப்பைத் தானே கணக்கெடுக்கும் சமையலறை அலமாரிக்கு எங்கே தெரியும்? மூன்று நாளாக யாரும் தொடாத பண்டமெல்லாம் மிச்சம்தான் என்று முடிவுகட்டி, குடியிருப்பின் நூற்றிருபது வீடுகளுக்கும் கைபேசியில் அறிவித்துவிட்டது. பகிர்ந்து உண்ணும் குடியிருப்பாம், வாசலிலேயே பெரிய பலகை வைத்திருந்தார்கள்.

அழைப்புமணி அடித்தது. இப்போதாவது யாரோ ஒரு வாய் ரசஞ்சோறு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள் செண்பகவல்லி. எதிர்வீட்டு ஷைலஜா காலிப் பாத்திரத்தோடு நின்றாள். அவள் பின்னால் இன்னும் நான்கு பேர், நான்கு காலிப் பாத்திரங்கள்.

"அக்கா, துவரம்பருப்பு ரெண்டு கிலோ மிச்சம்னு காட்டுதுங்க."

"நீ துக்கம் விசாரிக்க வந்தியா, துவரம்பருப்பு விசாரிக்க வந்தியா?"

"துக்கமா? யாருக்குங்கக்கா?"

செண்பகவல்லி மாலை போட்ட படத்தைக் கைகாட்டினாள்.

"அட கடவுளே, அண்ணனுங்களா!" ஷைலஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கைபேசியை மறுபடி பார்த்தாள்.

"அதுதான் அண்ணனோட கேழ்வரகு மாவும் மிச்சம்னு காட்டுதுங்களா?"