ஒரு எண்ணுக்கு மட்டும்

"மேடம், ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் தனி ரூட் போட்டிருக்கு. யார் போட்டதுன்னு தெரியல," என்றான் இன்ஜினியர், தலையைச் சொறிந்துகொண்டே.

ஆஸ்பத்திரி, பள்ளி, கடை என்று எல்லாருடைய குறுஞ்செய்திகளையும் வாங்கி, எண்ணின் முதல் நாலு இலக்கத்தைப் பார்த்து இன்ன லைனில் போ என்று பிரித்துவிடுவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. தனி ஒரு எண்ணுக்கு யாரும் விதி எழுதுவதில்லை.

"கடைசி நாலு நம்பர் என்ன?" என்றார் மேலாளர் மேடம்.

"நாலு நாலு ஏழு ஒண்ணு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "அதைத் தொடாதே."

"அந்த நம்பர் வச்சிருக்கிற பொண்ணு லைன்ல காத்துக்கிட்டிருக்காங்க மேடம். பிரசவ ஆஸ்பத்திரி அனுப்பற மெசேஜ் பத்து நாளா வரலையாம். நேத்து ஸ்கேன் தேதியே தவறிப்போச்சாம். ஆஸ்பத்திரியில நம்மகிட்ட கேக்கச் சொன்னாங்களாம்."

"குரல் எப்படி இருக்கு? களைப்பா இருக்கா?"

இன்ஜினியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குரலை வைத்துக்கொண்டு எந்த ரூட்டைச் சரிசெய்வது?

"ஏழாம் மாசம். கால் வீங்கும். உக்காந்து பேசச் சொல்லு."

"ஏழாம் மாசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? நான் சொல்லவே இல்லையே."

நாலைந்து மாதமாகவே மேடத்தின் போக்கு அவனுக்குப் புரியவில்லை. யார் மேலும் எரிந்து விழுவதில்லை. மேஜை இழுப்பறையில் உள்ளங்கை அகல ஸ்வெட்டர் ஒன்று வேறு வளர்ந்துகொண்டிருந்தது. கேட்டால், கை சும்மா இருக்க மாட்டேங்குது என்பார்.

"அந்த விதியை நான்தான் போட்டேன்," என்றார் மெதுவாக. "என் மக நம்பர். ரெண்டு வருஷம் முன்னாடி சண்டை போட்டுட்டுப் போனா. அவளும் கூப்பிடல, நானும் கூப்பிடல. அவளுக்கு வர்ற மெசேஜ்ல ஒரு காப்பி எனக்கும் வரட்டும்னு போட்டு வச்சேன். தப்புதான். எங்கேயோ நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஒண்ணுமே வரல. அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில இருந்து வந்துச்சு."

இன்ஜினியருக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து நாள் முன்பு புது மென்பொருளுக்கு மாறியபோது, காப்பி அனுப்பும் விதி மொத்தத்தையும் திருப்பிவிடும் விதியாகிவிட்டது. அந்த எண்ணுக்கு வந்த செய்திகள் எல்லாம் மேடத்தின் போனில் மட்டும் போய் உட்கார்ந்திருந்தன.

"விதியை எடுத்துடு தம்பி. அந்த ஹெட்செட்டைக் கொடு. அவளே கூப்பிட்டுட்டா, இன்னும் எனக்கு என்ன வீம்பு?"

வாங்கி மாட்டிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"பாப்பா, அம்மா பேசறேன்டா. ஸ்கேனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுமுனையிலிருந்து பதில் வந்தது.

"எங்கம்மா இங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. இந்த நம்பரை நான் வாங்கியே எட்டு மாசம்தான் ஆகுது. நீங்க யாரைத் தேடறீங்க?"