கீழ்வீட்டு மிஷின்

“கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டுப் பேசு, அம்மிணி” என்றார் சென்னிமலை.

தமிழ்மதி அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். மாடியில் மைக்குக்கு முன்னால் கட்டுவதற்குப் பனியன் துணியை வெட்டிக்கொண்டிருந்தவள், கோபத்தில் அப்படியே படியிறங்கி அவருடைய தையல் யூனிட்டுக்குள் வந்திருந்தாள். பதினாறு டெய்லர்களும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரு மிஷினும் நிற்கவில்லை.

“இருவது நிமிசம் நிறுத்துங்கண்ணா. பன்னெண்டுக்குள்ள பாட்டை அனுப்போணும்.”

“நாலு மணிக்கு என்ற சரக்கெடுக்க வண்டி வருது. ரெண்டாயிரம் பீஸு. மிஷினை நிறுத்திப்போட்டு, உன்ற பாட்டை மடிச்சுப் பெட்டியில போட்டு அனுப்பறதா?”

டெய்லர்கள் சிரித்தார்கள். போன வருடம்வரை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பீஸ் செக்கிங் பார்த்தவள் அவள். பாடப்போகிறேன் என்று ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டு நின்றுகொண்டதை சென்னிமலை இன்னும் மறக்கவில்லை.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். ஜெனரேட்டர் இல்லாத இந்த யூனிட் அன்றைக்குத்தான் வாயை மூடும். இன்று காலை ஒன்பதுக்கு நிறுத்துவதாகப் பேப்பரில் போட்டிருந்ததை நம்பி அவள் காத்திருந்தாள். பதினொன்றாகியும் போகவில்லை.

“கோயமுத்தூர் ஸ்டுடியோல ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. பாட்டுக்குப் பின்னால ரயில் ஓடுதாம். இன்னைக்கு அனுப்புலீன்னா வேற ஆளைப் பாட வெச்சுக்குவாங்க.” போனை நீட்டினாள். “நீங்களே கேளுங்க.”

சென்னிமலை போனை ஒரு காதோடு ஒட்டிக்கொண்டு மறு காதை விரலால் அடைத்துக்கொண்டார். மூன்றரை நிமிடப் பாட்டு. முடியும்வரை கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“உன்னைய விட என்ற மிஷின் நல்லாப் பாடுது. அதையே அனுப்பு.”

இந்த முறை சிரிப்பு அதிகமாக இருந்தது.

“அப்பறம், மாடியில செவுரு பூரா தொங்க உட்டிருக்கறயே, அது என்ற வேஸ்ட் துணி. அவுத்துக் கொண்டாந்து மூட்டையில போட்டுரு.”

“போடறனுங்க. உங்க சரக்கும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். அதையும் சேத்து அதே மூட்டையில கட்டிக்குங்க.”

சிரிப்பு நின்றது. ஏற்றுமதிச் சரக்கு போகிற நாளில் எந்த யூனிட்டிலும் ‘ரிஜெக்ட்’ என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். சென்னிமலையின் முகம் கறுத்தது.

“மேல போயிரு” என்றார்.

மாடியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மூன்றடி இடம். அதன் மூன்று பக்கமும் எதிரொலி வராமலிருக்க வேஸ்ட் துணி இரண்டு மடிப்பாகத் தொங்கியது. நடுவில் முக்காலிமேல் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் மைக். வெட்டிய பனியன் துணியை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்து மாட்டி, மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்தினாள். ‘ப’ வரும் இடங்களில் வாய்க்காற்று இனி மைக்கில் மோதாது. எல்லாம் சரியாக இருந்தது. தரை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பதினொன்று இருபதுக்கு அந்த அதிர்வு நின்றது. பதினாறு மிஷினும் ஒரே நொடியில் அடங்கின.

கீழே சென்னிமலை எல்லோரையும் பார்த்துக் காட்டுக்கத்தலாகக் கத்துவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. பிறகு அதுவும் ஓய்ந்தது.

ஒன்பதுக்குப் போகவேண்டிய கரண்ட் இப்போது போயிருக்கிறது. நல்லா வேணும் என்று நினைத்தாள். நாலு மணி வண்டி காலியாகத் திரும்பட்டும்.

ஜன்னலைச் சாத்தினாள். மூலையில் பழைய ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. எட்டி அதன் சுவிட்சை அணைத்தாள். போனில் மைக்கைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் தடவை சரணத்தில் மூச்சு போதவில்லை. இரண்டாம் தடவை குரலில் கோபம் இருந்தது. மூன்றாம் தடவை பாடும்போது கீழே ஒரு யூனிட் இருப்பதே அவள் நினைவில் இல்லை.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அவள் குரல் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பதினொன்றே முக்காலுக்கு ஸ்டுடியோவுக்கு அனுப்பினாள்.

கதவை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோலத் தட்டினார்கள்.

திறந்தாள். சென்னிமலை நின்றிருந்தார். படி ஏறிவந்த சத்தமே கேட்கவில்லை. வெறுங்கால். செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

தமிழ்மதி நகரவில்லை. “செருப்பத் தூக்கிட்டே வந்துட்டீங்களா? கரண்ட் போனதுக்கும் நாந்தான் காரணமா? அடிங்க, பாக்கறேன்.”

அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டி, துணிகளுக்கு நடுவே நின்ற மைக்கைப் பார்த்தார். அதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பாடி முடிச்சாச்சா? மெயின் சுவிட்சைப் போடச் சொல்லட்டுமா?”